நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து லிஃப்ட்

செவ்வாய்க்கிழமை, காலை

என் தங்கை மகளும் இப்போது எழுத்தாளருமான உனக்கு, உன் தாய்மாமன் எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்க வேண்டுமானால் நீ ஃபோனை எடுக்க வேண்டும். பதினோரு நாளாக நீ எடுக்கவில்லை. ஆகவே சௌக்கியம் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். கடைசியாக நீ அனுப்பிய செய்தியைக் கண்ணாடி போட்டும் படித்தேன், கழற்றியும் படித்தேன். "மாமா, நீங்க செஞ்ச உதவி போதும். சனிக்கிழமை நூலகக் கூட்டத்துக்கு நீங்க சிரமப்பட்டு வர வேணாம்." உன் முதல் புத்தகத்துக்கு நடக்கும் முதல் கூட்டம், அதற்கு மாமா வர வேண்டாம். சரி. ஆனால் எந்த விசாரணையிலும் எதிராளிக்குப் பேச ஒரு வாய்ப்புக் கொடுப்பார்கள். ஃபோனை எடுக்காதவளிடம் எப்படிப் பேசுவது? அதனால் தபாலில் பேசுகிறேன். தபாலைப் பாதியில் துண்டிக்க முடியாது.

முதலில் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். உதவி கேட்டது நீ. புத்தகம் அச்சாகி வந்த அன்று குடும்பக் குழுவில் நீயே எழுதினாய். எனக்குப் பின்னால் எந்தப் பதிப்பகமும் இல்லை, விளம்பரம் செய்ய ஆள் இல்லை, வாசகர்கள்தான் எல்லாம், முடிந்தால் நாலு காரியம் செய்யுங்கள்: புத்தகத்தை என்னிடமே நேராக வாங்குங்கள், படித்துவிட்டு இணையத்தில் நேர்மையாக இரண்டு வரி எழுதுங்கள், உங்கள் நூலகத்தில் கேளுங்கள், பிடிக்கக்கூடிய ஒருவரிடமாவது சொல்லுங்கள். இதற்கு உன் பெரியப்பா கட்டைவிரல் போட்டார். உன் சித்தி பூ போட்டாள். உன் அண்ணன் கைதட்டுகிற பொம்மை ஒன்றைப் போட்டான். அத்துடன் அவர்கள் ஆதரவு முடிந்தது. நான் ஒருவன்தான் அந்த நாலையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். உன் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "நீங்க உதவி பண்றேன்னு கெளம்பினாலே எனக்கு வயித்தக் கலக்குது" என்றாள். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். வேலைச் சீட்டில் நாலு இருந்தால் நாலையும் முடித்து டிக் போடாமல் வீடு திரும்பியதில்லை.

முதல் காரியம், வாங்குவது. உன்னிடமே நேராக ஆறு பிரதிகள் வாங்கினேன். ஆறையும் அலமாரியில் அடுக்கிவைத்து அழகு பார்க்கவில்லை. ஒன்றை முடிதிருத்தும் கடையில் வைத்தேன், ஒன்றைப் பல் மருத்துவரின் காத்திருக்கும் அறையில் வைத்தேன். அங்கே ஒரு பெண்மணி, கன்னம் வீங்கிப்போய் வந்தவர், உன் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தார். அவர் முறை வந்து கூப்பிட்டபோது நிமிராமலே, "அடுத்தவங்கள அனுப்புங்க, இன்னும் கொஞ்சந்தான் இருக்கு" என்றாராம். மூன்று பேரை இப்படியே அனுப்பிவிட்டு, கடைசியில் பல்லைப் பிடுங்காமலே போய்விட்டார். புத்தகமும் அவரோடு போய்விட்டது. மருத்துவர் என்னைத் தெருவில் பார்த்து, "ஐயா, வர்றவங்க சீக்கிரம் எழுந்து உள்ள வர்ற மாதிரி புத்தகம் ஏதாவது இருந்தா வைங்க" என்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்மேல் உனக்கு இருக்கும் கோபத்தில் இந்த நல்ல சேதி உன் காதுக்கு வராமலே போய்விடக் கூடாது.

இரண்டாவது காரியத்தில்தான் வில்லங்கம். புத்தகத்தைப் படித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. மீதிப் படிப்பெல்லாம் லிஃப்ட் கையேடுகளில்தான். கையேட்டில் தப்பாக ஒரு வரி இருந்தால் ஆள் செத்துப்போவான். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துத்தான் படிப்பேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் சண்டை போடுகிற இடத்தில் என் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. பிறகு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தது. அப்பா லிஃப்டில் ஏறுகிறார், கயிறு அறுகிறது, ஒன்பது மாடி விழுந்து இறந்துபோகிறார். புத்தகத்தை மூடினேன். உன் அத்தையைக் கூப்பிட்டேன். "என்ன, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். "செத்திருக்கவே முடியாதும்மா, அதான் பிரச்சனை" என்றேன்.

அம்மாடி, லிஃப்டை ஒரு கயிறு தாங்குவதில்லை. நான் பார்த்த லிஃப்டுகளில் நாலு, ஐந்து, ஆறு கயிறுகள் இருக்கும். ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். எல்லாமே போனாலும், வேகம் கூடிய உடனே அறைக்கு அடியில் இருக்கும் இரும்புத் தாடைகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும். லிஃப்ட் விழாது. நிற்கும். இது எனக்கு என் பெயரைப் போலத் தெரியும். நீ என்னை ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம். அப்போதெல்லாம் நீ ஃபோனை எடுத்துக்கொண்டுதான் இருந்தாய்.

நேர்மையாக எழுதச் சொன்னாய். எழுதினேன். "கதை நன்று. இரண்டு இடத்தில் கண் கலங்கியது. ஆனால் பக்கம் 112இல் லிஃப்ட் விழுகிறது. விழாது. மூன்று நட்சத்திரம்." இதில் ஒரு சொல் பொய் இருந்தால் காட்டு. நானூறு பேர் அதைப் பயனுள்ளது என்று அழுத்தினார்கள். அதற்குக் கீழே ஒருவர், ஐயா, எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஐந்தாம் மாடியில் முனகுகிறதே, என்ன செய்வது என்று கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதையா? எண்ணெய் போடச் சொன்னேன். அடுத்தவருக்குக் கதவு சரியாக மூடவில்லை. இன்னொருவருக்குப் பொத்தானை அழுத்தினால் வேறு மாடி. எல்லோருக்கும் பதில் எழுதினேன். உன் நாவலின் இணையப் பக்கம் லிஃப்ட் ஆஸ்பத்திரி ஆகிவிட்டது என்று நீ சொன்னது மிகை. எழுபது கேள்விகள்தான். ஆனால் ஒரு முட்டாள் இதையெல்லாம் பார்த்து, உன் நாவலை லிஃப்ட் பராமரிப்புப் புத்தகம் என்று நினைத்து வாங்கி, "லிஃப்ட் பற்றி ஒரே ஒரு பக்கம்தான் இருக்கிறது, அதுவும் தப்பு" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? வாங்கினான் அல்லவா, அதைப் பார்.

மூன்றாவது காரியம், நூலகம். அங்கே இருக்கும் அம்மாள், ஐந்து உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் வாங்குவோம் என்றார். ஐந்து பேரைத் திரட்டினேன்: உன் அத்தை, முடிதிருத்துபவர், எங்கள் கட்டடத்துக் காவலாளி, என்னோடு வேலை பார்த்த, ஸ்பேனர் என்று நாங்கள் கூப்பிடும் நண்பன், பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் நர்ஸ். படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம். ஐந்து பேரும், "லிஃப்ட் மெக்கானிக் சொன்னார்" என்றே எழுதிவிட்டார்கள். அந்த அம்மாள் படிவங்களைப் புரட்டிவிட்டு, "உங்கள யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்களா சார்?" என்று கேட்டார். உன் அத்தை, "பேசுனா கேக்கணுமே" என்றாள். எப்படியோ இரண்டு பிரதிகள் வாங்கினார்கள். அந்த இரண்டிலும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான் ஒரு சீட்டு ஒட்டினேன். ஒத்துக்கொள்கிறேன். "வாசகர் கவனத்துக்கு: அப்பா இறந்துபோகும் இந்த விபத்து நடக்க வாய்ப்பில்லை. பயப்பட வேண்டாம்." ஒட்டியது பசையால்கூட அல்ல, உரித்தால் வந்துவிடும் காகிதம். ஆனால் சீட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் எடுப்பவர்களெல்லாம் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார்களாம். அப்பா செத்துவிடுவார் என்று தெரிந்ததும் திரும்ப வைத்துவிட்டார்களாம். மூன்று மாதம் என் நூலக அட்டை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சீட்டை உரிக்கவும் சொன்னார்கள். உண்மையை என் கையால் உரிக்க மாட்டேன் என்று வந்துவிட்டேன். உனக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னதும் அந்த அம்மாள்தான் என்று தெரியும்.

நாலாவது காரியம், ஒருவரிடம் சொல்வது. எங்கள் கட்டடத்து நாலாம் மாடி டீச்சரிடம் சொன்னேன். முட்டி தேய்ந்தவர், பாவம். ஒரே மூச்சில் படித்து முடித்தார். மறுநாளிலிருந்து படிக்கட்டில் ஏறி இறங்குகிறார். "டீச்சர், அது கதை. நெஜத்துல லிஃப்ட் விழாது, நான் சொல்றேன்" என்றேன். கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கியபடி, "விழாதுன்னு எனக்கும் தெரியும் சார். ஆனா அந்தப் பக்கத்தப் படிச்சதுக்கு அப்புறம் காலு உள்ள போக மாட்டேங்குதே" என்றார். இது உன் வேலை. ஒரு பக்கம் எழுதி ஒரு மனுஷியின் முட்டியைக் கெடுத்திருக்கிறாய்.

ஆகவே என் தீர்மானம் இது. திங்கட்கிழமை இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது என்று உன் அம்மா சொன்னாள். அதற்குள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மாற்ற வேண்டும். உனக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் கயிறு அறுகிறது, தாடைகள் கவ்வுகின்றன, லிஃப்ட் நிற்கிறது, மெக்கானிக் வந்து கதவைத் திறக்கிறார், அப்பா நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மகளோடு சமாதானம் ஆகிறார். அப்புறம் மிச்சமுள்ள நூற்று நாற்பது பக்கமும் தேவைப்படாது; காகிதமும் மிச்சம். அதுவரை மூன்று நட்சத்திரம் மூன்றாகவே இருக்கும். சொந்தம் வேறு, தொழில் வேறு. நீ வர வேண்டாம் என்றாலும் சனிக்கிழமை முதல் வரிசையில் உட்காருவேன். கேள்வி நேரத்தில் கை தூக்குவேன். கேள்வி என்னவென்று உனக்கே தெரியும்.

உன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் விசாரிப்பைச் சொல். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் எழுது, எழுதுவதை நிறுத்தாதே, கை வலித்தால் வெந்நீரில் வை. நீ நீண்ட நாள் நல்லபடியாக இருந்து நிறைய எழுத வேண்டும், எதை எழுதினாலும் விசாரித்து எழுத வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமா

பின்குறிப்பு: இதைத் தபால் அலுவலக மேசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பியபோது, படியிறங்கி வந்த டீச்சர் எங்கள் வாசலில் நின்றார். "வாங்க டீச்சர், நான் கூட வர்றேன், என்ன ஆகுதுன்னு பாத்துடலாம்" என்று கையைப் பிடிக்காத குறையாக லிஃப்டுக்குள் கூட்டிப் போனேன். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் மின்சாரம் போய்விட்டது. பாத்தீங்களா, விழல, நிக்குது, விழப் பாத்தாலும் கீழ இரும்புத் தாடை கவ்விக்கும் என்றேன். காவலாளி வர நேரமாகும் போலிருந்தது. பேச்சை மாற்ற என் பையில் இருந்த உன் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தில் எத்தனை தப்பு என்று வரிவரியாகக் காட்டுகிறேன் என்று ஃபோன் வெளிச்சத்தில் சத்தமாகப் படித்தேன். பாதிப் பக்கம் போயிருப்பேன். அந்த அப்பா மகளிடம் சொல்லாமல் விட்டதை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிற வரி. அந்த வரியிலேயே நிறுத்திவிட்டேன். பார்த்தால் என் இடது கை லிஃப்டின் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. முப்பத்தெட்டு வருஷத்தில் பிடித்ததில்லை. டீச்சர்தான், "பயப்படாதீங்க சார், கீழ தாடை இருக்குல்ல" என்றார்.

வெளியே வந்ததும் உறையைக் கிழித்து, நான் எழுதிய பக்கத்தை எடுத்துவிட்டேன். நீ ஒரு எழுத்தையும் மாற்றாதே. நட்சத்திரத்தை ஐந்தாக்கச் சொல்லி இப்போதுதான் தபால் அலுவலகப் பெண்ணிடம் ஃபோனைக் கொடுத்தேன், ஆக்கிவிட்டாள். போகும் வழியில் நூலகத்தில் சீட்டுகளை உரித்துவிடுவேன். லிஃப்ட் விழாது, அதில் மாற்றமில்லை. சனிக்கிழமை கடைசி வரிசையில் எனக்கும் டீச்சருக்கும் இரண்டு நாற்காலி போடச் சொல். கை தூக்க மாட்டேன். கூட்டம் ஐந்தாம் மாடியில் என்று போட்டிருக்கிறது. நாங்கள் படிக்கட்டில்தான் வருவோம். கொஞ்சம் தாமதமானால் எங்களுக்காகக் காத்திருக்காமல் நீ ஆரம்பித்துவிடு.