ஈர ஈ

ஜாம் போத்தலுக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் முப்பது நாற்பது ஈக்கள். மாட்டுப்பட்டியில் அரைநாள் குந்தியிருந்து செல்லசாமி தன் கையாலேயே பிடித்தவை. தோட்டத்து மேனேஜரான துரை போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அப்பு, இது என்ன?"

"தொர கேட்ட ஈங்க. ஈரமா வேணும்னீங்க, அதான் தண்ணியிலயே போட்டு வச்சிருக்கேன்."

துரை கேட்டது 'வெட் ஃப்ளை'. வெட் என்றால் ஈரம், ஃப்ளை என்றால் ஈ. இதில் செல்லசாமியின் தப்பு என்ன இருக்கிறது? தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக, இருப்பவருக்கு இவ்வளவு ஆங்கிலம் தெரிந்ததே பெரிய காரியம்.

துரை தலையில் கை வைத்துக்கொண்டு, பங்களா அலமாரியில் கிடந்த வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகத்தைப் பிரித்துப் படம் காட்டினார். ஈ என்றால் ஈ இல்லையாம். தூண்டில் முள்ளில் சேவலின் கழுத்து இறகை நூலால் சுற்றிக் கட்டி, ஈ மாதிரிச் செய்துகொள்ளும் பொய்யாம். தண்ணீருக்கு மேலே மிதந்தால் அது உலர்ந்த ஈ, உள்ளே அமிழ்ந்து போனால் ஈர ஈ. ஆற்றில் இருக்கும் ட்ரவுட் மீன் அதைப் பூச்சி என்று நம்பிக் கவ்வுமாம்.

பூச்சியா பொய்யா என்று தெரியாமல் வாயைத் திறக்கிற மீனை நினைத்துச் செல்லசாமிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் அரசாங்கத்திடமிருந்து கம்பெனிகளின் கைக்கு மாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம் அது. கந்தப்பளைக்கு மேலே இருந்த இந்தப் பங்களாவை வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் விடுதியாக மாற்றக் கம்பெனி யோசித்தது. சமையலுக்குச் செல்லசாமியே இருப்பதா, கொழும்பு ஹோட்டல் ஆளைப் போடுவதா என்பதைக் கம்பெனியின் டிரெக்டர் இராசரத்தினம் நேரில் வந்து இரண்டு நாள் தங்கிப் பார்த்துச் சொல்வார். கொழும்பு ஆள் வந்தால் செல்லசாமி ஐம்பத்திரண்டு வயதில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டும். முழங்கால் இரண்டும் இப்போதே பங்களாப் படியில் ஏறும்போது முனகுகின்றன. அவருக்குப் பயமாக இருந்தது. ராத்திரியில் தூக்கம் வரவில்லை.

டிரெக்டரைப் பற்றிய சேதிகள் மூன்று. அவருடைய டிரைவர் மாயாண்டி கொழும்பிலிருந்து போனில் சொன்னவை. போன் இரைந்த இரைச்சலில் செல்லசாமி காதைப் பொத்திப் பொத்திக் கேட்டு, அப்படியே துரையிடம் ஒப்பித்தார். முதலாவது, தேத்தண்ணீருக்குச் சீனி கூடாது. இரண்டாவது, தலையணை இரண்டு வேண்டும். மூன்றாவது, மீன். முதல் இரண்டையும் துரை காதிலேயே வாங்கவில்லை. மூன்றாவதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

துரை மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் தெரியும். பெரட்டுக்களத்தில், காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும்போது படித்த தமிழ். பிடி, வெட்டு, போடு, ஓடு என்று பத்துப் பன்னிரண்டு சொல்லை வைத்துக்கொண்டு முழுத் தோட்டத்தையும் நடத்திவிடுவார். ஆனால் நல்ல மனிதர்.

"நம்ம ஆத்துல ட்ரவுட் இருக்கு, அப்பு! வெள்ளைக்காரன் போட்டது" என்றவர், அன்றைக்கே சுவரில் தொங்கிய பழைய மூங்கில் தூண்டிலை இறக்கித் துடைக்கச் சொன்னார். பங்களாவுக்கு மீன் வாங்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். பெரியவர் தானே பிடித்த மீனைத்தான் தின்ன வேண்டுமாம், அதில்தான் ருசியாம். மீனோடு அவர் சிரித்த முகமாகத் திரும்பினால் உன் விஷயத்தை நான் பேசுகிறேன் என்று தோளிலும் தட்டினார்.

இப்படித்தான் செல்லசாமியின் சோறு ஒரு மீனின் வாயில் போய் மாட்டிக்கொண்டது.

ஈ கட்ட முள் இருந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன தகர டப்பாவில் இறகையெல்லாம் கரப்பான் தின்றது போக முள் மட்டும் மிச்சம். இறகுக்கு எங்கே போவது? புத்தகத்துப் படத்தில் இருந்த செம்பட்டை நிறம் தோட்டத்திலேயே ஒரு சேவலுக்குத்தான் இருந்தது. அது கொழுந்து பறிக்கும் காளியாயியின் சேவல். பங்களாவுக்குக் கீழே, தொழிலாளர் வரிசை வீடுகளில் முதல் லயத்தில் திரிந்தது. செல்லசாமி ஒரு பிடி அரிசியைக் காட்டிக் கூப்பிட்டார், வந்தது. நாலு இறகு போதும் என்றுதான் நினைத்தார். கட்டக் கட்ட அவிழ்ந்ததில் கழுத்து முழுவதும் போய்விட்டது.

சாயந்தரம் காளியாயி பங்களாவின் பின்வாசலில் வந்து நின்றாள். கக்கத்தில் மொட்டைக் கழுத்துச் சேவல்.

"முனிக்கு நேந்து விட்ட சேவல் அண்ணே இது. மொட்டையடிச்சது யாரு?"

ஆற்றங்கரையில் இருக்கும் முனியாண்டி சாமிக்கு நேர்ந்த சேவலில் கை வைத்தவன் உருப்பட்டதாகத் தோட்டத்தில் சரித்திரமே இல்லை. அந்தப் பயத்தில் செல்லசாமி வாய்க்கு வந்ததைச் சொன்னார். இறகு டிரெக்டர் ஐயாவுக்காக எடுத்ததுதான், ஐயாவுக்கு முனியிடம் ஒரு வேண்டுதல் இருக்கிறது, நாளைக் காலையில் அவரே ஆற்றங்கரைக்கு வந்து தேங்காய் உடைப்பார் என்றார்.

காளியாயி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பது அதற்கு அப்புறம்தான் தெரிந்தது.

அன்று மாலையே டிரெக்டர் வந்து சேர்ந்தார். டிரைவர் மாயாண்டி அவரை இறக்கிவிட்டு, ஞாயிறு காலை வருவதாகச் சொல்லி, நோர்வூட்டில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் காரைத் திருப்பினார். டிரெக்டர் வெள்ளைத் தலை, மெல்லிய குரல், யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊர்க்காரர். அவர் ஊரில் அப்பு என்றால் அப்பாவாம். தன்னைவிட இளையவரை அப்படிக் கூப்பிட வாய் வராமல் தம்பி என்றே கூப்பிட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல். மேசையில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, பருப்பும் சோறும் போட்டுக்கொண்டார். பிரயாணக் களைப்பு என்று செல்லசாமி நினைத்தார்.

சனிக்கிழமை காலை துரை அவரை ஆற்றில் இறக்கினார். புத்தகத்தில் உள்ளபடி, எதிர்க்கரையைப் பார்த்துக் கொஞ்சம் கீழ்வாட்டில் ஈயை எறிய வேண்டும். எறிந்த பிறகு இழுக்கக் கூடாது. ஆற்றின் ஓட்டமே நூலை வளைத்து, ஈயைக் குறுக்கே கொண்டுவந்து, நம் கரையோரமாகக் கீழே சேர்க்கும். சேர்ந்ததும் கொஞ்சம் பொறுத்து, இரண்டடி கீழே இறங்கி மறுபடி எறிய வேண்டும். அவ்வளவுதான் வித்தை. டிரெக்டர் எறிந்தார். நூல் வளைந்தது. ஈ வந்து கரை சேர்ந்தது. மறுபடி எறிந்தார். முழங்கால் வரை பனித்தண்ணீர். பக்கத்தில் வலையோடு நின்ற செல்லசாமியின் பல் கிட்டியது.

"எறியிறது மட்டும்தான் எங்கட வேலை, என்ன தம்பி? மிச்சத்தை ஆறு பாத்துக்கொள்ளும்" என்றார் டிரெக்டர்.

அந்த ஈயைப் பார்க்கப் பார்க்கச் செல்லசாமிக்கு என்னவோ செய்தது. கொழும்பில் யாரோ எறிந்துவிட்டார்கள். ஓட்டம் இழுத்துக்கொண்டு போகிறது. எந்தக் கரையில் சேர்க்கும் என்று ஈக்குத் தெரியாது. என்னைப் போக விடாதீங்க ஐயா என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடலாமா என்று இருந்தது. கேட்கவில்லை.

"உங்கட துரைக்கு இதிலை சரியான ஆசை போல" என்றார் டிரெக்டர் மறுபடியும். பெரியவர் தமாஷ் பண்ணுகிறார் என்று செல்லசாமி சிரித்துவைத்தார்.

அப்போதுதான் தப்பு மேளச் சத்தம் கேட்டது. காளியாயி முன்னால், இரண்டு லயத்துச் சனமும் பின்னால். தேங்காய், பூ, சூடம், மொட்டைக் கழுத்துச் சேவல். தப்பு அதிர்ந்த அதிர்ச்சியில், ஆற்றில் ட்ரவுட் இருந்திருந்தால் அது அடுத்த தோட்டத்து எல்லையைத் தாண்டியிருக்கும். டிரெக்டர், மலைநாட்டில் மீன்பிடிப்பதற்கு இதுதான் முறை என்று நினைத்துக்கொண்டார் போல. கரையேறி, செருப்பைக் கழற்றி, தேங்காயை ஒரே போடாகப் போட்டு உடைத்தார். சனம் குலவையிட்டது. மத்தியானம் பங்களா மேசைக்கு முனியின் பிரசாதமாகச் சேவல் குழம்பு வந்தது. டிரெக்டர் பாத்திரங்களைத் திறந்து பார்த்துவிட்டு, பருப்பும் சோறும் போட்டுக்கொண்டார்.

துரை செல்லசாமியைக் குசினிக்குள் தள்ளிக்கொண்டு போனார். "அப்பு, சாயந்தரம் ஒரு மீன் வரணும்" என்றார்.

வரணும் என்றால் எங்கிருந்து வரும்? கந்தப்பளைக் கடையிலிருந்துதான் வரும். கடையில் முழுசாக இருந்தது ஒரே மீன். என்ன மீன் என்று கேட்க நேரமில்லை. சாயந்தரம் துரை டிரெக்டரை மறுபடி ஆற்றில் இறக்கியபோது, ஓட்டம் ஈயைக் கொண்டுவந்து சேர்க்கும் இடத்தில், கரையோரப் பாறைக்குப் பின்னால் செல்லசாமி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தார். டிரெக்டர் எறிந்த ஈ வளைந்து வளைந்து சொல்லி வைத்தாற்போல அவர் கைக்கே வந்தது. முள்ளை மீனின் வாயில் மாட்டி, நூலை இரண்டு சுண்டு சுண்டி இழுத்தார்.

டிரெக்டர் நூலைச் சுற்றி எடுத்தார். மீனைக் கையில் ஏந்தினார். அந்த முகம் மலர்ந்ததைச் செல்லசாமி பாறை இடுக்கு வழியாகப் பார்த்தார். இரண்டு நாளில் முதல் தடவை.

"விளைமீன்" என்றார் டிரெக்டர், சொந்தக்காரரைக் கண்ட மாதிரி.

செல்லசாமிக்கு உயிர் போய்விட்டது. கடற்கரையில் பிறந்தவருக்குக் கடல்மீன் தெரியாதா? துரைக்கு அந்தப் பெயர் விளங்கவில்லை, ஆனால் புத்தகத்துப் படத்தில் இருந்த புள்ளிகள் இந்த மீனில் இல்லை என்பது விளங்கியது. ஆராய விட்டால் மானம் போகும் என்று, சின்ன மீனைத் திருப்பி விடுவதுதான் கனவான்களின் வழக்கம் என ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே மீனைப் பிடுங்கி ஆற்றில் வீசினார். அது வயிற்றை மேலே காட்டிக்கொண்டு, ஓட்டத்தோடு நிதானமாகப் போனது. வளைவு திரும்பி மறையும் வரை டிரெக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நல்லது" என்றார். இரவுக்குக் கோழிப் பொரியல்.

ஞாயிறு காலை டிரெக்டர் புறப்பட்டார். துரையின் கையைப் பிடித்து, தோட்டம் வடிவு, பங்களா வடிவு, ஆற்றில் நின்றதை மறக்க மாட்டேன் என்றார். சமையல் எப்படி என்று துரையே கேட்டார். டிரெக்டர் செல்லசாமியைப் பார்த்தார். கோபம் இல்லை, வருத்தம் மாதிரி ஒன்று.

"அதைக் கொழும்புக்குப் போய் யோசிச்சுச் சொல்லுறன்."

செல்லசாமிக்குக் கண் இருட்டியது. பிரட்டல், குழம்பு, பொரியல் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஆக்கிப் போட்டாயிற்றே. அந்த மீன் மட்டும் ட்ரவுட்டாக இருந்திருந்தால் என்று மனம் அடித்துக்கொண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் பின்னால் போனார். டிக்கியைத் திறந்தபடி நின்ற மாயாண்டி குரலைத் தாழ்த்தினார்.

"ஏண்ணே, நான் வந்ததும் வராததுமா, போற வழியில மீன் பொரிச்சுக் குடுக்கிற கடை இருக்கான்னு ஐயா கேக்குறாரு. ஐயாவுக்கு மீன் புடிக்கும்னு நான் போன்ல சொன்னத, நீங்க தொரகிட்ட சொல்லவே இல்லயா?"