கம்ப்யூட்டர் அனுப்பிய எட்டு மெக்கானிக்குகள்

எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் உலகத்தில் இல்லை என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. சரியாகச் சொன்னால் மூன்று மாதம். தொண்ணூறுகளின் பின்பாதியில், கம்ப்யூட்டர் டிப்ளமோ ஒன்றை வாங்கிக்கொண்டு, பீளமேட்டில் ஒரு மோட்டார் சர்வீஸ் கம்பெனியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்த மூன்று மாதம். (அந்த டிப்ளமோவை அப்பா சட்டம் போட்டு சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருந்தார். பொட்டு மட்டும்தான் வைக்கவில்லை.)

சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் எது படுத்துக்கொண்டாலும் எங்களுக்குத்தான் போன் வரும். எங்களிடம் எட்டு மெக்கானிக்குகள் இருந்தார்கள். யார், எந்த ஊருக்கு, எப்போது போவது என்று முடிவு செய்பவர் ரோஸ்லின் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். போனை எடுப்பார், துண்டுச் சீட்டில் எழுதுவார், சுவரில் வரிசையாக அடித்திருந்த எட்டு ஆணிகளில் ஏதோ ஒன்றில் குத்துவார். ஆளுக்கு ஓர் ஆணி. அவ்வளவுதான்.

அந்த ஆணிகளை ஒழித்துக்கட்டத்தான் முதலாளி என்னை எடுத்திருந்தார். ஒரு வாரம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். தலை சுற்றியது. மதுக்கரையில் குடியிருக்கும் செல்வராஜைக் காலையில் ஊரையே தாண்டி சூலூருக்கு விரட்டுவார். மத்தியானம் அதே செல்வராஜ் அத்தனை தூரமும் திரும்பி வந்து மதுக்கரையில் வேலை பார்ப்பார். பெட்ரோலுக்குப் பிடித்த கேடு என்று நினைத்தேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஊர்ப் பட்டியல் ஒன்று இருந்தது. சில ஊர்களுக்குச் சிவப்புப் பென்சில் கோடு, சில ஊர்களுக்கு நீலம். இது எதற்கு என்று கேட்க அரை நிமிடம் போதும். நான் கேட்கவில்லை. என் திரையில் இருந்ததே கறுப்பும் பச்சையும்தான், அதில் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஏது இடம்?

இரண்டரை மாதத்தில் புரோகிராம் தயார். காலையில் எல்லாரும் மேற்கே, மதுக்கரை, பேரூர், தொண்டாமுத்தூர். அதை முடித்துவிட்டு எல்லாரும் கிழக்கே, சிங்காநல்லூர், சூலூர், பல்லடம். குறுக்கும் நெடுக்கும் அலைச்சலே கிடையாது. முதலாளி பூரித்துப் போனார்.

"வெள்ளிக்கிழமை ஒரு நாள் முழுக்க இதுலயே ஓட்டிப் பாத்துரலாம் கண்ணு. சரியா வந்துச்சுன்னா உன்னைய பர்மனென்ட் பண்ணிப்போடறேன்."

பர்மனென்ட் என்ற சொல்லில்தான் என் உயிரே இருந்தது. வேலை நிரந்தரமானால் இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை, ஆகாவிட்டால் அடுத்த வாரமே ஜாதகம் வெளியே வரும். இது எனக்கும் அப்பாவுக்கும் இருந்த ஒப்பந்தம்.

வெள்ளிக்கிழமை பத்தொன்பது புகார்கள். பிரின்டர் கிறீச்சிட்டபடி எட்டுத் தாள்களைத் துப்பியது. முதலாளி மெக்கானிக்குகளை வரிசையாக நிறுத்தி, "இன்னிக்குக் கம்ப்யூட்டரு சொல்றதுதான். ஆரும் எதுத்துப் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ரோஸ்லின் அக்காவை ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். (சாய்ந்து வேறு உட்கார்ந்தேன்.)

பத்து மணிக்குச் செல்வராஜ் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, மதுக்கரைத் தோட்டத்துக்கு வந்துபோட்டனுங்க."

"வேலை முடிஞ்சுதா?"

"இல்லீங்க. உக்காந்திருக்கறனுங்க."

"எதுக்கு?"

"சும்மாதானுங்க."

அடுத்தடுத்து மற்ற ஏழு பேரும் பேசினார்கள். ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வேப்பமரத்தடியில், ஒருவர் கயிற்றுக் கட்டிலில். திரையில் எட்டு பேருக்கும் "சேர்ந்தாயிற்று" என்று இருந்தது. "முடிந்தது" என்ற பத்தி மட்டும் காலியாகவே கிடந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்தேன். பத்தொன்பதை எட்டால் வகுத்து விரல் விட்டும் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி செல்வராஜ்.

"சாப்புடச் சொல்றாங்க அம்மணி. சாப்புட்டுக்கட்டுங்களா?"

"மோட்டார் என்னாச்சு?"

"எல்லாம் மாட்டியாச்சுங்க. ஓட்டிப் பாக்கோணும், அவ்வளவுதான்."

"ஓட்டுங்க!"

"ஓட்டீரலாமுங்க," என்றார், குழந்தையைச் சமாதானப்படுத்தும் குரலில்.

எங்கள் ஊர் மரியாதை அப்படிப்பட்டது. தப்பை முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் மனசு வராது. நானோ, மேற்கில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். ஒரு மணிக்குப் போனில் வந்த ஒவ்வொருவரிடமும், அங்கே போட்டது போட்டபடி இருக்கட்டும், உடனே கிழக்கே கிளம்புங்கள் என்று உத்தரவு போட்டேன். செல்வராஜ் மட்டும் திருப்பிக் கேட்டார்.

"போகோணுங்களா?"

"போகணும்."

"சரிங்க. போயிட்டு வாரனுங்க."

மூன்று மணிக்கு மதுக்கரை விவசாயி ஒருவர் கூப்பிட்டார். "அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. கரண்ட்டு வந்துபோட்டுதுங்க. ஆளைத்தான் காணோம்."

"கரண்ட்டா? காலையிலே இல்லையா?"

"எங்க பக்கம் த்ரீ பேஸு மத்தியானத்துக்கு மேலதானுங்களே உடுவாங்க? காலைல கெழக்க."

நான் சிங்காநல்லூர் மில் குடியிருப்பில் வளர்ந்தவள். ஸ்விட்சைத் தட்டினால் மின்விசிறி சுற்றும், மின்சாரத்தைப் பற்றி நான் அறிந்தது அவ்வளவே. வீட்டு விளக்கு நாள் பூரா எரிந்தாலும், தோட்டத்து மோட்டாரை ஓட்டும் த்ரீ பேஸ் மட்டும் பாதி நாள்தான், அதுவும் முறை வைத்துத்தான் வரும் என்பது டிப்ளமோவில் இல்லை. கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து எட்டு பேரை மேற்கே அனுப்பி, அது வரும் நேரத்தில் கிளப்பி, சரியாகக் கரண்ட் போன பிறகு கிழக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். வேண்டுமென்று செய்தால்கூட இவ்வளவு துல்லியமாக வராது.

கவுன்டர் பக்கம் திரும்பினேன். "அக்கா, அந்தச் சிவப்புக் கோடு..."

"காலைல கரண்ட்டு வர்ற ஊருங்க. நீலம் மத்தியானம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே அம்மணி. கம்ப்யூட்டருக்குத் தெரியாம இருக்குமான்னு இருந்துட்டேன்."

அதில் குத்தல் இல்லை. அதனாலேயே வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் எட்டு பேரும் வந்தார்கள். சாப்பாடு போட்ட தோட்டங்களில் வெறுங்கையோடு அனுப்பவில்லை, ஆளுக்கொரு பையில் தேங்காயும் முருங்கைக்காயும். முடிந்த வேலைகள்: சைபர். முதலாளி செல்வராஜைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குத்தான் கரண்ட்டு நேரம் தெரியுமல்லொ? வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"தெரியுமுங்க. ஆனா கம்ப்யூட்டரே அனுப்புதுன்னா, ஈ.பி. ஆபீசுல பேசிக் கரண்ட்டு உடச் சொல்லியிருக்குமுன்னு நெனச்சமுங்க."

மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் முதலாளி ஒருவரைப் பர்மனென்ட் ஆக்கினார். ரோஸ்லின் அக்காவை. ஆறு வருஷமாக அவரும் தற்காலிகம்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதையும் நான் கேட்டதில்லை. எனக்கு இன்னும் மூன்று மாதம் தவணை. அக்கா ஊர் ஊராகக் கரண்ட் நேரம் சொல்லச் சொல்ல, நான் தட்டினேன். புரோகிராம் அதற்குப் பிறகு ஒழுங்காக ஓடியது.

ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஜாதகம் வெளியே வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், பெண் வேலையில் எப்படி என்று மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார்கள். அப்பா மறைக்கத் தெரியாதவர், வெள்ளிக்கிழமைக் கதையை முருங்கைக்காய் வரைக்கும் சொல்லி முடித்தார். மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் காப்பி வேட்டியில் கொட்டியது. இந்த ஆள் வேண்டவே வேண்டாம் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். என் முடிவுகளின் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே. அடுத்த தை மாதம் கல்யாணம்.

இன்றைக்கும் வீட்டில் கரண்ட் போனால் அவர் ஹாலிலிருந்து குரல் கொடுப்பார்: "ஏனுங்க அம்மணி, ஆளுங்களை அனுப்பிச்சுப்போட்டீங்களா?"

உள் அறையிலிருந்து மகள் கேட்பாள்: "எட்டுப் பேரும் போயாச்சுங்களா? எத்தனை வேலை முடிஞ்சுதுங்க?"

நான்தான் பதில் சொல்ல வேண்டும், அதுதான் வீட்டு வழக்கம். "சைபருங்க" என்பேன்.