பார்வைக்கு மட்டும் வைத்த பிரசவ வார்டு

அன்புள்ள விஜயகுமார் மாமா அவர்களுக்கு,

சுவாதி பணிவோடு எழுதுவது. நால்வர் இருந்த நம் வீட்டில் இப்போது ஐவர் நலம். ஐந்தாவது ஆளும், அவளைப் பெற்ற லாவண்யா அக்காவும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி வரும் வரிகளைப் படிக்கும்போது அது உங்களுக்கு அடிக்கடி மறந்துபோகலாம். அப்போதெல்லாம் இந்த இடத்துக்குத் திரும்பி வரவும்.

புனேயில் உங்கள் பயிற்சி நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறேன். அப்பா உங்களிடம் போனில், "ஆஸ்பத்திரியில பொறந்துச்சுங்க மாப்ள, பொண்ணு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். அது முழு உண்மை. எந்த ஆஸ்பத்திரி என்று நீங்கள் கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. சிக்னலைப் போகச் செய்தது அப்பாவின் கட்டைவிரல். மீதியை எழுதும் பொறுப்பு, கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்பதால், எனக்கு வந்தது. மாமா, ஓசூரில் நீங்கள் பதிவு செய்து வைத்த தனியார் மருத்துவமனையில் குழந்தை பிறக்கவில்லை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தது. "சாயங்காலமானா பூட்டுப் போடற எடம், லாவண்யாவ அந்தப் பக்கமே கூட்டிட்டுப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினீர்களே, அதே இடம். (இப்போது முதல் பத்திக்குப் போய்விட்டு வரவும்.)

அன்றைக்கு நம் ஊருக்குச் சட்டமன்ற உறுதிமொழிக் குழு வந்திருந்தது. அமைச்சர்கள் சட்டமன்றத்தில் "செய்து தரப்படும்" என்று சொன்னதையெல்லாம் செய்து தந்தார்களா என்று நேரில் போய்க் கேட்கும் எம்.எல்.ஏ.க்கள் குழு அது. நம் ஊர் பிரசவ வார்டு இரவும் பகலும் இயங்கும் என்று எப்போதோ ஓர் உறுதிமொழி கொடுக்கப்பட்டிருந்ததாம். அது உறுதிமொழிக்குத் தெரியும், வார்டுக்குத் தெரியாது. ஆகவே குழு வருகிறது என்றதும் சுகாதார அதிகாரி ஒருவர் வந்து பூட்டைத் திறந்து, உள்ளே இருந்த கொசுமருந்து மூட்டைகளை வெளியேற்றினார். பக்கத்து ஊரிலிருந்து பிரசவ மேசை வந்தது, இன்னோர் ஊரிலிருந்து குழந்தைக்குச் சூடு காட்டும் கருவி வந்தது, அதற்கும் அப்பாலிருந்து டாக்டர் அனிதா வந்தார், கல்யாண மண்டபம் கங்கப்பனின் ஜெனரேட்டர் வந்தது, ரோஜாப் பண்ணையிலிருந்து தொட்டிகள் வந்தன, பாருக்குள்ள நம்ம ஊரு மாதிரி உண்டா என்கிற அளவுக்கு எல்லாம் வந்து சேர்ந்தபிறகுதான், நோயாளிகள் இல்லை என்பது தெரிந்தது. இத்தனை காலம் திருப்பி அனுப்பியதில் வராமல் இருக்கப் பழகிவிட்டார்கள். வரவேற்புக்கு நின்ற எங்கள் பள்ளி மாணவிகளில் நான்தான் ஒல்லி என்பதால், "பாப்பா, நீ காய்ச்சல்" என்று சொல்லி என்னைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டும் வெங்கடம்மாள். அவருக்கு நிஜமாகவே இடுப்பு வலி. அதிகாரிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

குழுவின் தலைவர் தெற்கத்திக்காரர், பெரிய மீசை, மெதுவான குரல். நேராக வெங்கடம்மாளிடம் வந்து, "ஆச்சி, இங்க கவனிப்பெல்லாம் எப்படி இருக்கு?" என்றார். வெங்கடம்மாள் "ஏமி செப்பேதி சாமி" என்று ஆரம்பித்தார். என்னத்தைச் சொல்வது சாமி என்று அர்த்தம், ஆனால் அதற்குப்பிறகு அவர் சொல்லாமல் விட்டது ஒன்றும் இல்லை. இருட்டினால் நர்ஸ் கிடையாது, மாத்திரை கேட்டால் ஓசூருக்குப் போ என்கிறார்கள், என் மருமகள் மத்திகிரி ரோட்டில் ஆட்டோவிலேயே பெற்றாள், தொப்புள்கொடி வெட்ட ஆளில்லாமல் நான் அழுதேன், இன்றைக்கு இவ்வளவு பூந்தொட்டி வைத்திருக்கிறீர்களே, அன்றைக்கு ஒரு விளக்குக்கூட இல்லையே என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். தலைவர் அதிகாரியைப் பார்த்தார்.

"சேவை திருப்திங்கறாங்க ஐயா" என்றார் அதிகாரி.

"இவ்வளவு நேரம் பேசினாங்களே, இவ்வளவுதானா?"

"தெலுங்கு கொஞ்சம் நீளமான பாஷைங்க ஐயா."

மாமா, நான் வேண்டுமென்று செய்யவில்லை. வகுப்பில் தப்பான விடை கேட்டால் என் கை தானாகத் தூக்கிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். தூக்கிக்கொண்டது.

"உனக்கென்ன பாப்பா செய்யுது?" என்றார் தலைவர்.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லை ஐயா. மொழிபெயர்ப்பில் ஒரு திருத்தம் இருக்கிறது."

சொன்னேன். தொப்புள்கொடி வரை ஒன்று விடாமல் சொன்னேன். வெங்கடம்மாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "அவுனு, அவுனு" என்று தலையாட்டி ஒப்புதல் கொடுத்தார். அப்புறம், "காய்ச்சலா?" என்று தலைவர் என்னைக் கேட்டதற்கு, "இல்லீங்க ஐயா, ஒன்பதாம் வகுப்பு" என்றேன். தலைமையாசிரியை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதவில்லை.

அந்தச் சமயத்தில் வெளியே மேளம் அடித்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெண் எம்.எல்.ஏ. தாமதமாக வருவதாகத் தகவல் இருந்ததால், எந்த வண்டி உள்ளே நுழைந்தாலும் அடிக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். நுழைந்தது ஆட்டோ. அதில் நம் லாவண்யா அக்கா. நீங்கள் சொன்னபடியே அம்மாவும் அப்பாவும் அவளை ஓசூருக்குத்தான் கூட்டிப் போனார்கள் மாமா, சத்தியமாக. ஆனால் நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது, ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் பக்கத்து வண்டிகளெல்லாம் சுகாதார நிலைய வாசலில் குழுவின் பார்வைக்கு நிற்கின்றன, ஆட்டோ பிடித்தால் கெலவரப்பள்ளி ரோட்டுத் திருப்பத்தில் குழுவின் வண்டிகளுக்காகப் போலீஸ் கயிறு கட்டியிருக்கிறது, அக்கா "இனி முடியாதும்மா" என்றாள், ஆட்டோக்காரர் திறந்திருந்த ஒரே கேட்டுக்குள் திருப்பிவிட்டார். இறங்கியதும் அவளுக்குச் சந்தனம் வைத்து, ஆரத்தி சுற்றி, கையில் ரோஜாப் பூங்கொத்தைக் கொடுத்து, "மாண்புமிகு உறுப்பினர் வருக" என்று மைக்கில் சொன்னார்கள். அக்கா வலியில் யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் நிலையில் இருந்தாள். அடுத்த வலி வந்தபோது அந்தப் பூங்கொத்தாலேயே மைக் பிடித்திருந்தவரின் தோளில் அடித்தாள். அவர் அதையும் வணக்கமாக எடுத்துக்கொண்டார்.

தலைவர் வரவேற்க வெளியே போனவர், அக்காவைப் பார்த்து நின்றுவிட்டார். நானும் கட்டிலிலிருந்து குதித்து ஓடினேன். அக்காவின் முகம் வெளுத்திருந்தது. அதுவரை எனக்கு எல்லாமே வேடிக்கையாக இருந்தது. அப்போது வெங்கடம்மாளின் மருமகள் ஞாபகம் வந்தது. இவளும் ரோட்டில்தானா என்று பயந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி, "ஓசூர் ஜி.எச்.சுக்கு அனுப்பிடலாங்க ஐயா" என்றார்.

"ஏன், இங்க பிரசவ வார்டு இயங்குதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

"இயங்குதுங்க ஐயா. இன்னைக்குப் பார்வைக்கு மட்டும்."

டாக்டர் அனிதா இருவருக்கும் நடுவே வந்து, "ரெண்டு பேரும் வழியை விடுங்க. கேள்வி பதிலை வெளிய வெச்சுக்கோங்க" என்று சொல்லி அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். உடனே கரண்ட் போனது. கங்கப்பன் ஓடிப்போய் ஜெனரேட்டரை இழுத்தார். அதோடு மண்டபத்துச் சீரியல் விளக்குகளும் சேர்ந்தே இணைக்கப்பட்டிருந்ததால் வார்டைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக ஓடத் தொடங்கின. எம்.எல்.ஏ.க்கள் எல்லாரும் அந்த வெளிச்சத்தில் அப்பாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. அப்பா தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், தான் பிடித்திருப்பது யார் கை என்பது தெரியாமலே. அம்மா சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழுகைச் சத்தம் கேட்டது மாமா. கணீரென்ற குரல். நிஜமான பெண் எம்.எல்.ஏ. அப்போதுதான் வந்து இறங்கினார். மேளம் இல்லை, பூங்கொத்தும் இல்லை. "என்ன, யாரையும் காணோம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், விஷயம் தெரிந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

கிளம்பும்போது தலைவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த வார்டு இயங்கலைன்னு நான் எழுத முடியாது, கண் முன்னால புள்ள பொறந்திருக்கு. இயங்குதுன்னும் எழுத முடியாது, காய்ச்சல் பாப்பா விடாது. அதனால பார்த்ததை மட்டும் எழுதிக்கறேன். மேசை பார்த்தோம், கருவி பார்த்தோம், ஜெனரேட்டர் பார்த்தோம், டாக்டரம்மாவைப் பார்த்தோம். அடுத்த தடவை வரும்போது இதுல ஒண்ணு குறைஞ்சாலும் எங்க போச்சுன்னு சட்டமன்றத்துல கேட்பேன்." பக்கத்து ஊர்க்காரர்கள் திருப்பி எடுத்துப் போய்விடாதபடி அதிகாரி பிரசவ மேசையைப் பிடித்துக்கொண்டார். கங்கப்பன் மட்டும், "சாமி, ஜெனரேட்டரு என்னுதுங்க, முகூர்த்தம் வருது" என்றார். "துறை புதுசு வாங்கற வரைக்கும் அது எங்க அறிக்கையில இருக்கு" என்றார் தலைவர். ஒரு வாரம் ஆகிறது. டாக்டர் அனிதாவுக்கு இங்கேயே இருக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது, இருட்டியபிறகும் வார்டில் விளக்கு எரிகிறது, கங்கப்பன் தினமும் வந்து ஜெனரேட்டரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார், வெங்கடம்மாள் தன் இரண்டாவது மருமகளின் பெயரை அங்கேயே பிரசவத்துக்குப் பதிந்துவிட்டார். அதைச் சொல்ல வந்தவர், பேச்சுக்கு நடுவே ஒரு தடவை என் தலையில் கை வைத்தார். அவ்வளவுதான், ஆனால் கட்டுரைப் போட்டிப் பரிசைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது.

இனி ஒரு வேண்டுகோள். அப்பாமேல் கோபப்படாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், காவேரிப்பட்டினத்தில் உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். என் பேரப்பிள்ளை ஏசி, டிவி வைத்த ரூமில்தான் பிறக்கும் என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நாங்கள் அவரிடம் "ஓசூர்ப் பக்கம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். பூகோளப்படி அது தவறில்லை. இந்த ரகசியத்தைக் குடும்பத்தோடு காப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

அக்கா தன் அன்பையும், அம்மா பத்தியக் குழம்பின் வாசனையையும், அப்பா தன் கட்டைவிரலுக்கான வருத்தத்தையும் உங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னார்கள். பாப்பா கொட்டாவி விட்டாள், அதையும் சேர்த்துக்கொள்ளவும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
சுவாதி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அத்தை போன் செய்தார். இன்றைய செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில், வார்டு இரவிலும் இயங்கத் தொடங்கிய செய்தியோடு, தலைவர் கையில் நம் பாப்பா இருக்கும் அன்றைய படம் அக்கா பெயர் போட்டு வந்திருக்கிறதாம். சுற்றிலும் எம்.எல்.ஏ.க்கள், பின்னால் சீரியல் விளக்கு. அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். ஆனால் அத்தை திட்டவே இல்லை. "எம் பேத்தி பொறந்தப்ப சட்டசபையே வாசல்ல காத்துக் கெடந்துச்சுன்னு தெருவுல எல்லாருக்கும் காட்டிட்டேன் கண்ணு. தனியார் ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம், அரசாங்க ஆஸ்பத்திரிதான்னு மொதல்லயே நான்தான் சொன்னேன்னும் சொல்லிட்டேன்" என்றார். நாளைக் காலை பஸ்ஸில் வருகிறார். ஆகவே மேலே நான் கேட்ட ரகசியத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் ஓசூரில் ஏசி ரூம் பதிவு செய்து வைத்திருந்ததைத் தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த ரகசியத்தை நாங்களும் காப்பாற்றுகிறோம்.