டப்பா மாமா வீட்டு ஸ்பீக்கர்

ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காக மொட்டைமாடியில் ஒலிபெருக்கி கட்டிய மனிதர், எனக்குத் தெரிந்து கடலூர் ஜில்லாவிலேயே எங்கள் தெரு டப்பா மாமா ஒருவர்தான்.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆலை இரைச்சலில் காது பாதி போய்விட்டது. பிடிவாதம் முழுசாக இருந்தது. மகன் வாங்கி வந்த ஸ்மார்ட் பல்புக்கு இன்டர்நெட் வேண்டும் என்றதும் மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“எங்கூட்டு லைட்டு எப்ப எரியுதுன்னு அமெரிக்காக்காரனுக்கு எதுக்கு மாப்ள தெரியணும்?”

சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை பிஸ்கட் டப்பாவில் வைத்து லைட், கதவு, மோட்டார் எல்லாவற்றையும் அதோடு இணைத்தார். எந்தத் தகவலும் வீட்டை விட்டு வெளியே போகாதாம். தகர டப்பாவுக்குள் சிக்னலே போகாது என்று கண்டுபிடிக்க அந்த மேதைக்கு ஒரு மாதம் ஆனது. அப்புறம் மூடியைக் கழற்றி வைத்தார்.

டப்பா போனுக்கு அனுப்பும் மணி அவர் காதில் விழாது. அதனால் டப்பா வாய்விட்டுச் சொல்ல, ஆலையில் இருந்த மாதிரியே மொட்டைமாடியில் கோன் ஸ்பீக்கர். அன்று முதல் அமெரிக்காவைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தது. ஒருநாள் அது, “பாத்ரூமில் ஆள் இருக்கிறது. இருபது நிமிடம்” என்று அறிவித்தது. காய்கறி வண்டிக்காரர் சிரித்துவிட்டார். உள்ளே இருந்தது மாமாவின் மனைவி, சரோஜா அத்தை.

அத்தை அன்றைக்கே சிதம்பரத்தில் உள்ள தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். “அந்த டப்பாவோடயே குடும்பம் நடத்தட்டும் தம்பி. நான் வரமாட்டேன்” என்று எனக்குப் போன்.

மாமா வீம்பாக இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் ஏணி போட்டு வயர்களைப் பிடுங்கினார்.

“எல்லாத்தயும் நிறுத்திட்டேன் மாப்ள. வாசக் கேட்டுக்கு மட்டும் ஒண்ணு பேசி வச்சிருக்கேன்.”

போய்க் கேட்டைத் திறந்தேன். மாடியிலிருந்து அவர் குரலே தெரு அதிரக் கேட்டது: “சரோஜா, வந்துட்டியா?”

பால்காரர் திறந்தாலும் அதே கேள்வி, நாய் முட்டினாலும் அதே கேள்வி. பத்து நாள் தெருவே சிரித்தது. அதிகம் சிரித்தவன் நான்தான்.

பிறகு புயல் மழை. கரண்ட் இல்லை, நெட் இல்லை, காசைக் கொட்டி வாங்கிய என் வீட்டு கேமரா செத்துக் கிடந்தது. மாமாவின் டப்பா மட்டும் பேட்டரியில் ஓடியது. மத்தியானம், “சரோஜா, வந்துட்டியா?” என்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். அத்தை நனைந்த குடையோடு மாடியை அண்ணாந்து பார்த்தார்.

“வந்துட்டேன், கத்தாதீங்க. மழையில தனியா கெடப்பீங்களேன்னு வந்தேன்.”

என் வீட்டு கேட்டைத் திறந்தால் போனில் ஒரு டிங் சத்தம் வரும், அவ்வளவுதான். மாமாவைக் கிண்டல் செய்வதை இன்னும் நான் விடவில்லை. ஆனால் அவர் வீட்டுக்குப் போனால், அந்தக் குரலுக்காக கேட்டை இரண்டு தடவை திறக்கிறேன்.