மெயினை அணைச்சாச்சா?

லேத் இயந்திரத்தின் உடம்பில் கை பட்டதும் முழங்கை வரை சுருக்கென்று ஏறியது. பட்டறைக்காரர் பின்னால் துள்ளி மனைவியின் காலை மிதித்தார்.

"என்னங்க?"

"ஷாக் அடிக்குது. கிட்ட வராதே."

புதிதாக வாடகைக்குப் பிடித்த பட்டறை. விளக்கு, விசிறி எதுவும் இன்னும் மாட்டவில்லை. கூரைக் கண்ணாடி வழியாக விழும் வெயில்தான் வெளிச்சம். பட்டறைக்காரர் இரும்பைக் கடைவதில் சூரர். ஆனால் கரண்ட் என்றால் குலைநடுக்கம். வீட்டில் பல்பு மாற்றுவதுகூட மனைவிதான்.

எலக்ட்ரீஷியனாக இருக்கும் மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார்.

"எர்த் ஒயர் கழண்டிருக்கும் மாமா. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பச்சை ஒயரை முடுக்குங்க. முதல்ல வெளியே நடையில இருக்கற மெயினை அணைச்சிருங்க."

"நீ ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"வெளியூர்ல இருக்கேன். மெயினை அணைச்சிட்டா அது வெறும் கம்பிதான் மாமா. எதுக்கும் டெஸ்டர் வச்சுப் பார்த்துக்குங்க."

"கரண்ட் இருக்கான்னு தொட்டுப் பார்க்கச் சொல்றியா? அது மட்டும் என்னால ஆகாது."

ரப்பர் செருப்பு, ரப்பர் கையுறை, காலுக்கடியில் பலகை. மனைவி நடைக்குப் போனாள்.

"அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு."

"கையை எடுக்காதே. யாராவது போட்டுத் தொலைச்சிரப் போறாங்க."

"எடுக்கலை. நீங்க முடுக்குங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு முடுக்கினார். மெயினைப் போட்டு இயந்திரத்தை ஓட விட்டால், அது ஓடவில்லை. அடிவயிற்றிலிருந்து உறுமியது. கருகல் வாடை வந்தது. பதறிப்போய் நிறுத்திவிட்டு மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மூணு ஒயர்ல ஒண்ணைக் கழட்டி விட்டுட்டீங்க மாமா. அப்படியே ஓட்டினா மோட்டார் வெந்துரும்."

மறுபடி பலகை, மறுபடி நடை, மறுபடி "அணைச்சாச்சா?" ஒயர் உள்ளே போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த முறை இயந்திரம் ஜோராகச் சுற்றியது. ஷாக்கும் இல்லை. ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஏதோ கிணிகிணியென்று ஆடியது. அவர் கைநழுவ விட்ட திருகாணி. மறுபடி மச்சினனுக்குப் போன்.

"நிறுத்துங்க மாமா. அது ரெண்டு ஒயருக்கு நடுவுல போய் உக்காந்தா பெட்டியே வெடிச்சிரும். மெயினை அணைச்சிட்டு எடுத்துப் போட்டுருங்க."

மூன்றாம் முறையும் மெயின் அணைந்தது. திருகாணி ஒயர்களுக்குப் பின்னால், சந்தில் கிடந்தது. கையுறை போட்ட விரல் நுழையவில்லை என்று மனைவியிடம் புலம்பினார்.

"அதைக் கழட்டிட்டு எடுங்களேன். நான்தான் மெயினைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்ல?" என்றாள் மனைவி நடையிலிருந்து. "நடுங்கி நடுங்கி ஒரு பொழுதே போச்சு."

அவருக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை நேரம் இதே ஒயர்களோடுதானே மல்லுக்கட்டினோம், என்ன ஆகிவிட்டது? கையுறையைக் கழற்றி எறிந்தார். வியர்த்து வழிந்த விரல்களை மெல்ல உள்ளே விட்டார். செம்புக் கம்பிக்கும் விரலுக்கும் நூலளவுதான் இடைவெளி.

அப்போது பக்கத்துத் தையல்கடைக்காரம்மா நடையில் வந்து சத்தம் போட்டாள்.

"ஏம்மா, இன்னொரு தடவை எங்க கடை மெயினை அணைச்சீங்கன்னா, நானும் உங்க கடை மெயினை அணைச்சிருவேன், பார்த்துக்குங்க."