மகள் என் காதைச் சோதித்த விவரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். அங்கு தங்கள் மூட்டுவலி உட்பட யாவும் அடங்கியிருக்குமென நம்புகிறேன்.

சென்ற முறை வந்திருந்தபோது தங்கள் தங்கையின் பேச்சைக் கேட்டு, "மாப்பிள்ளைக்குக் காது நல்லாத்தான் இருக்கு, வேணும்னே கேக்காத மாதிரி இருக்கார்" என்று நாலு பேர் முன்னால் தீர்ப்புச் சொன்னீர்கள். அத்தீர்ப்பு ரத்தாகிவிட்டது. ரத்து செய்தவள் என் மகள்.

அவள் செவித்திறன் பரிசோதகராக இருக்கும் ஆஸ்பத்திரியில் ஆளைச் சத்தம் புகாத சிறு அறையில் உட்காரவைத்து, 'பீப்' கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். போன வருடம் நானும் அமுக்கி பாஸானேன், அதுதான் வினை. அந்த அறையிலா நாம் குடியிருக்கிறோம்? வீட்டில் மிக்சி ஓடும், டிவி அலறும், நடுவில் தங்கள் தங்கை சமையலறையிலிருந்து பேசுவாள். மகள் ஆராய்ச்சிக் கட்டுரைகளாகப் படித்துத் தள்ளிவிட்டு, "இரைச்சல்ல எப்படிக் கேக்குதுன்னு பாக்கணும்னு எழுதிட்டே இருக்காங்க, நாமதான் செய்யறதில்ல" என்று பெரிய டாக்டரிடம் போய் நின்றாள். அவர், "கட்டுரைல நல்லாத்தான் இருக்கும்மா, வெளியில கூட்டத்தைப் பாத்தியா? ஒருத்தருக்குச் செஞ்சு காட்டு, பாக்கலாம்" என்றாராம். அந்த ஒருத்தர் அடியேன்தான்.

மகளோட மானமே என் காதுல இருக்கேன்னு பயந்துகிட்டே உட்கார்ந்தேன், மச்சான். ஸ்பீக்கர்ல சந்தை மாதிரி இரைச்சல், நடுவுல ஒரு அம்மா ஏதோ சொல்றாங்க, நான் திருப்பிச் சொல்லணும். "கதவைத் திறந்து வை"ன்னாங்களாம், நான் "கழுதையைத் துரத்தி வை"ன்னேன். "வண்டி கிளம்பப் போகுது"ன்னதுக்கு "தொண்டை கிழியப் போகுது"ன்னேன். தெரியலன்னா மகளுக்கு அவமானமாச்சேன்னு ஒண்ணு விடாம, குரலையும் உயர்த்திச் சொன்னேன். பெரிய டாக்டர் சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். போச்சு, காரியத்தைக் கெடுத்துட்டோம்னு எனக்கு வேர்த்துக் கொட்டுது. மகள் அசரல. போன வருஷ ரிசல்ட்டையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, "பாருங்க சார், அமைதியில முழு மார்க்கு, இரைச்சல்ல பாதிகூடத் தேறல. இவரைத்தான் ஒண்ணுமில்ல போங்கன்னு அனுப்பினோம்"னா. அவர் சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு. "இப்படி எத்தனை பேரை அனுப்பியிருப்போம்?"னார். மறுநாள்லேருந்து வர்றவங்க எல்லாருக்கும் இந்தப் பரிசோதனைதான். ஃபெயிலானதுக்காக நான் நெஞ்சை நிமித்தினது இதுதான் முதல் தடவை!

அப்புறம் ஹால்ல அத்தனை கூட்டத்துக்கு நடுவுல பெரிய டாக்டர் என்கிட்ட வந்து, "உங்க பொண்ணு மாதிரி இங்க யாரும் இல்ல"ன்னு சொல்லிட்டுப் போனார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வாட்ச்மேன் வரைக்கும் சொல்லிட்டேன்.

இப்போ காதுல மெஷினும் மாட்டியாச்சு. பெட்டியில வந்தபடியே மகள் மாட்டிவிடல. நூல் மாதிரி ஒரு குழாயைக் காதுக்குள்ள விட்டு, சத்தம் உள்ளே சரியாப் போய்ச் சேருதான்னு அளந்து அளந்து திருத்தினா. தங்கள் தங்கை இப்போதெல்லாம் என்னைப் பற்றிப் போனில் பேச மொட்டைமாடிக்குப் போகிறாள்.

தாங்களும் குடும்பத்தாரும் கேட்க வேண்டியதைக் கேட்டு, வேண்டாததைக் கேளாமல் நெடுங்காலம் வாழ வேண்டும்,

தங்கள் தங்கையின் கணவன்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் மகள் இதைப் படித்துவிட்டாள். "அப்பா, நீங்க என்னைத் தேடறீங்கன்னு நினைச்சு, 'உங்க பொண்ணு மாடியில, இங்க இல்ல'ன்னு சொன்னதா சார் அன்னைக்கே என்கிட்ட சொன்னாரே!" என்கிறாள். அப்போது எனக்கு மெஷின் கிடையாது. காது தப்பாகக் கேட்டிருக்கலாம், மச்சான், விஷயம் தப்பில்லை. ஒரு வரியும் அடிக்காமல் அனுப்புகிறேன்.