கைப்பம்பில் ஒரு சூரியன்

சூரியன் எப்படி உண்டானது என்று தெரிந்துகொள்ளாமல் அட்டுவம்பட்டியைத் தாண்டிய டயர் ஒன்றுகூடக் கிடையாது. காரணம், பஞ்சர் கடை ஸ்டாரண்ணன். கடையில் கம்ப்ரஸர் இருந்தது. அதன்மேல் சட்டை காயப்போட்டிருப்பார். காற்று கைப்பம்பில்தான். அதையும் வண்டிக்காரரே அடிக்க வேண்டும்.

"கம்ப்ரஸர்ல ரெண்டு நிமிசத்துல டயரு ரொம்பிரும். அதுக்குள்ள சூரியன் வெறும் மேகமாத்தான் கெடக்கும்" என்பார்.

என் கல்யாணத்துக்காகப் பழனிக்குக் கிளம்பிய கார், விடிந்தும் விடியாமல் அவர் கடை வாசலில் படுத்துக்கொண்டது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. பட்டுவேட்டியோடு நின்ற என் கையில் பம்பைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் அடித்தேன்.

"மாப்ள, பம்போட அடியத் தொட்டுப் பாருங்க."

சுட்டது.

"காத்த அமுக்குனா சூடாகுதுல்ல? நட்சத்திரமும் அப்படித்தாங்க. மொதல்ல வாயு மேகம். தன் ஈர்ப்புல தானே உள்ள சுருங்குது. சுருங்கச் சுருங்க சூடு ஏறுது. சூடான வாயு வெளிய தள்ளுது. ஈர்ப்பு உள்ள, அழுத்தம் வெளிய. ரெண்டும் மல்லுக்கட்டிச் சமமா நிக்கிதுல்ல, அதான் சூரியன்."

"அண்ணே, முகூர்த்தம் போயிரும். வெரசா சொல்லுங்கண்ணே."

"அது சுருங்கவே கோடி வருசம் ஆச்சு. நீங்க வெரசாங்கிறீங்க. அடிங்க."

"அந்தச் சூடு தீந்துபோனா..." என்று அவர் ஆரம்பித்தபோது டயர் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்க் காரில் ஏறினேன். திரும்பிப் பார்த்தால், திறந்த வாயோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். தாலி கட்டிவிட்டேன். முகூர்த்தப் புடவையில் என் கை கிரீஸ் இன்னும் இருக்கிறது, அதைப் பற்றிய பேச்சும் இருக்கிறது.

பிறகுதான் தெரிந்தது, அந்த முடிவை ஒருவர்கூடக் கேட்டதில்லை. எந்த டயரும் அதுவரை தாங்காது. "ஒரே ஒரு ஆளு முழுசாக் கேட்டாப் போதும்" என்று டீக்கடையில் புலம்புவாராம்.

போன மாதம் அவர் கடைக்குச் சற்று முன்னால் பைக்கை நிறுத்தி, நானே காற்றைப் பிடுங்கிவிட்டு உருட்டிக்கொண்டு போனேன். ட்யூபைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை.

"பஞ்சரே இல்லீங்களே?"

"தெரியும்ணே. சூடு தீந்துபோனா என்ன ஆகும்?"

என்னை உற்றுப் பார்த்தார். இந்த முறை பம்பை நீட்டவில்லை. தன் ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டார்.

"தள்ள ஆளில்லாம நடுப்பாகம் மறுபடி சுருங்கும், மேல்பாகம் ஊதிப் பறந்துபோகும். கடைசியில பூமி அளவுக்கு ஒரு உருண்டையா, சன்னமா மின்னிக்கிட்டே ஆறிப்போகும். அம்புட்டுத்தாங்க."

சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதரை விட்டு எழுந்துவர எனக்கு மனமே வரவில்லை.